கரண்ட் இல்லாத நாட்கள்

1

எங்கள் நிறுவனத்துக்கு இந்த மாதத்தோடு மூன்று வயது நிறைகிறது. அதைச் சாட்டாக வைத்து, போன சனிக்கிழமை திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் பெண்பிள்ளைகளோடு இணையவழியாகப் பேசினேன். இங்கே நோர்வேயின் பேர்கனில் வழக்கம்போல மழை. அங்கே நல்ல வெயில். பிள்ளைகள் ஒரேயொரு காற்றாடிக்குக் கீழே நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து, நீங்கள் வடிவமைத்தவற்றில் ஆகத் திறமானது எது என்று கேட்டாள்.

எங்கள் செயலியைச் சொல்லுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் ஒரு பொத்தானைச் சொன்னேன். அதை எங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவரும் கண்டதில்லை. எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தெரிந்த பொத்தான் அது. அதை உருவாக்கியதில் என் பங்கு ஆகக் குறைவு. அதற்கு முன்னால் நான் விட்ட பிழையில் என் பங்கு முழுவதும். நேரம் போதாமல் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். மிச்சத்தை எழுதித் தருவதாகச் சொன்னேன், இதோ எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. அப்பா துறைமுக ஜெற்றியில் மூட்டை இறக்கியவர். அம்மா உட்துறைமுக வீதிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். இருவரும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகப் பை தூக்கியவள் நான். பல்கலைக்கழகம் முடித்து, உதவிப் பணத்தில் நோர்வேக்குப் படிக்க வந்து, சில வருடம் இன்னொருவரிடம் வேலை செய்து, பிறகு சொந்தமாகத் தொடங்கினேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

2

வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிக்கும் தாதியருக்காக நாங்கள் ஒரு செயலி செய்கிறோம். அடுத்து எந்த வீடு, அந்த வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு எங்கே தொங்குகிறது, என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களின் கைபேசியில் வரும். நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள சிறிய நகரசபைகள் அதை வாங்குகின்றன. நான் பேர்கனில் இருந்து அவர்களோடு கதைக்கிறேன். செய்கிறவர்கள் திருகோணமலையில், ஜெற்றிக்குக் கிட்ட, வலைக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறார்கள். மூன்று நாள் அங்கே வேலை, இரண்டு நாள் அவரவர் வீட்டில்.

கோகிலாதான் முதலில் சேர்ந்தவள். தம்பலகாமத்துப் பிள்ளை. தாதியர் பார்க்கும் திரைகள் எல்லாம் அவள் கையால் வந்தவை. ஆரம்பத்தில் நான் வரைந்து அனுப்பிய திரை ஒன்றை அவள் திருப்பி அனுப்பினாள். காலையில் தம்பலகாமத்தில் இருந்து வரும் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காதாம். ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் கைபேசியை வைத்து, அதே கையின் பெருவிரலால் அழுத்திப் பார்த்தாளாம். என்னுடைய பொத்தான் விரலுக்கு எட்டவில்லை. தாதிக்கும் ஒரு கையில் பை இருக்கும்தானே என்று எழுதியிருந்தாள். பட்டப்படிப்பில் எனக்கு ஒருவரும் சொல்லித்தராத பாடம் அது. அன்றிலிருந்து பஸ்ஸில் நின்று அழுத்திப் பார்க்காத எந்தத் திரையும் எங்களிடம் இருந்து வெளியே போனதில்லை.

நளீம் கிண்ணியாவில் இருந்து வருகிறவன். சேர்வர் வேலை அவனுடையது, எல்லோரையும் சிரிக்க வைக்கும் பகிடியும் அவனுடையது. சுதாவும் இன்னொரு பிள்ளையும் பிறகு சேர்ந்தார்கள்.

ஆரோக்கியமான வேலை என்று நான் அடிக்கடி பேசுவேன், எழுதுவேன். பேச்சோடு நிற்கவும் இல்லை. கணினி வாங்குவதற்கு முன்னமே முதுகுக்கு நல்ல கதிரைகள் வாங்கினேன். திருகோணமலையில் ஐந்து மணி அடித்த பிறகு நான் ஒரு செய்தியும் அனுப்புவதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம். அந்த நேரத்தில் கணினி முன்னால் பார்சலை அவிழ்க்கக் கூடாது. மூட்டை சுமந்த அப்பாவின் முதுகைப் பார்த்து வளர்ந்தவள் நான். உட்கார்ந்து செய்யும் வேலையும் முதுகை உடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் பெருமைப்பட்டது எங்கள் லீவு விண்ணப்பத்தை நினைத்துத்தான்.

3

அந்த விண்ணப்பத்தில் இருபத்தொரு காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய படம். காய்ச்சல், பிள்ளைக்குச் சுகமில்லை, கோயில் திருவிழா, நோன்பு, மரணவீடு, மனச்சோர்வு, மாதவிடாய். கடைசி இரண்டையும் சேர்த்ததற்காக என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் எந்த அலுவலகத்தில் இப்படி இருக்கிறது? படத்தை அழுத்தினால் போதும், லீவு. நான் அனுமதிக்கத் தேவையில்லை. ஒருவரை ஒருவர் தாங்க வேண்டும் என்பதற்காக, அழுத்தியதும் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும்படி செய்தேன்.

இந்தக் காரணப் பித்து எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் பெற்றோரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். அதனால் என் லீவுக் கடிதத்தை நானே எழுதுவேன். அப்பா கீழே ஒரு கோடு இழுப்பார். பிறகு ஒழுங்கையில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் நான்தான் எழுதினேன். யாருக்கு என்ன நடந்திருந்தாலும் கடிதத்தில் காய்ச்சல்தான். ஒரு பிள்ளைக்கு அந்த மாதம் மூன்று தரம் காய்ச்சல் வந்தது. உண்மையில் அவளிடம் இருந்த ஒரேயொரு வெள்ளைச் சட்டை மழைக்காலத்தில் காய்வதில்லை. அதை அவள் எனக்குச் சொன்னாள். ஆசிரியைக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் வளர்ந்த பிறகு இருபத்தொரு படங்களை வரைந்தேன்.

அந்தப் படங்களை ஒருவரும் அழுத்தவில்லை. இரண்டு வருடத்தில் காய்ச்சல் மட்டும் நாலைந்து தரம். எங்கள் பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள், கதிரையின் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கரண்ட் மட்டும் அடிக்கடி போனது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களில் காலையிலேயே குழுவில் செய்தி வரும்: கரண்ட் இல்லை. தம்பலகாமத்தில் இல்லை, கிண்ணியாவில் இல்லை, சாம்பல்தீவில் சுதாவின் வீட்டில் இல்லை. ஊரில் கரண்ட் போவது எனக்குத் தெரியாத விசயமா? நான் பரீட்சைக்குப் படித்ததே பாதி நாள் குப்பிவிளக்கில். உடனே நாலு வீட்டுக்கும் பெரிய பற்றரிப் பெட்டி வாங்கி அனுப்பினேன். முழு நாளும் கணினியும் இணையமும் அதில் ஓடும். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

அடுத்த கிழமை மறுபடியும் கரண்ட் இல்லை.

4

இந்த இடத்தில் நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு புதிய நகரசபைக்குச் செயலியை ஒப்படைக்க மூன்று கிழமை இருந்தது. கோகிலா அந்த மாதத்தில் ஆறாவது தடவையாகக் கரண்ட் இல்லை என்று எழுதியிருந்தாள். நான் சேர்வரின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். காலை பத்து மணிக்கு அவளுடைய கணினி எங்கள் சேர்வரோடு இணைந்திருந்தது. பத்து நிமிடம் வேலை செய்திருக்கிறாள். பிறகு ஒன்றும் இல்லை.

அந்தப் பதிவைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கீழே ஒரு கேள்விக்குறி. வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

அடுத்த நாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு வரி. ஒரு மாத முன்னறிவித்தலோடு வேலையில் இருந்து விலகுகிறேன். இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி.

ஒப்படைக்க வேண்டிய திரைகள் அவளுடைய தலைக்குள் இருந்தன, அது ஒரு பக்கம். அவளை இழந்தால் இந்த நிறுவனம் என்னவாகும் என்பது மற்றப் பக்கம். வாடகை அறையில் கணினி வரும்வரை காகிதத்தில் திரை வரைந்துகொண்டிருந்த பிள்ளை அவள். நான் அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. அதனால் நளீமை அழைத்தேன். பொய் சொன்னது அவள், கோபித்துக்கொள்வதும் அவளா என்று கேட்டேன்.

நளீம் பகிடி விடவில்லை. பகிடி இல்லாத அவன் குரலை நான் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்.

"அக்கா, நானும் நாலு தரம் கரண்ட் இல்லாம இருந்தனான்," என்றான். "எங்கட வீட்டுக் கூரையில சோலார் இருக்கு."

எனக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"காய்ச்சல் எண்டா, எத்தினை நாளா, மருந்து எடுத்ததா எண்டு கேப்பாங்க. உம்மாவுக்கு உடம்பு ஏலாது எண்டா, என்ன வருத்தம் எண்டு கேப்பாங்க. கரண்ட் இல்லை எண்டா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க. அது ஒருத்தருடைய குற்றமும் இல்லைதானே."

விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறதே, அழுத்தினால் போதுமே என்றேன்.

"அக்கா, நீங்க ஒரு படம் வைச்சிருக்கிறீங்க, பொம்பிளையளுக்கு. அதை அழுத்தினா எனக்கும் மெயில் வரும். அழுத்திப் போட்டு அடுத்த நாள் எந்தப் பிள்ளை எனக்கு முன்னால வந்து கதிரையில இருப்பா?"

அவனே தொடர்ந்தான்: சுதா பற்றரிப் பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறாளாம், யாரும் வந்து பார்த்தால் கரண்ட் கதை எடுபடாது என்று. அவனுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது.

5

நோர்வேயில் வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு வந்த காய்ச்சலை நினைத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைகுறை நோர்வேஜிய மொழியில் என் மேலாளருக்கு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். எத்தனை பாகை சூடு, சளி என்ன நிறம், எப்போது தொடங்கியது, எல்லாம். காய்ச்சல்மானியையும் படம் எடுத்து இணைத்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல இருக்கிறது என்பதை அப்படியே மொழிபெயர்த்தேன். பத்தாவது நிமிடம் அவர் பதறிப்போய் அழைத்தார். வீட்டில் யாராவது உன்னை அடிக்கிறார்களா என்று கேட்டார்.

இல்லை, காய்ச்சல்தான் என்று விளங்க வைக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. பிறகு அவர் சொன்னார்: நீ இன்றைக்கு வரவில்லை என்பது மட்டும் எனக்குப் போதும், என்ன வருத்தம் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. இந்த நாட்டில் முதல் சில நாட்களுக்கு வைத்தியரின் கடிதம்கூட வேண்டியதில்லை. உன் சொல்லே போதும். நான் கைபேசியை வைத்துவிட்டு நெடுநேரம் கட்டிலில் இருந்தேன். காரணம் கேட்கப்படாமல் நம்பப்படுவது அதுதான் என் வாழ்க்கையில் முதல் தடவை.

அந்த நம்பிக்கையை வாங்கி அனுபவித்த நான், அதையே ஊருக்கு அனுப்பும்போது படங்களும் மின்னஞ்சலும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நல்ல மனதோடுதான் செய்தேன். அதனால் அது நல்ல வடிவமைப்பு ஆகிவிடாது.

மூன்றாம் நாள் கோகிலா தொலைபேசியை எடுத்தாள். பின்னால் உழவு இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அது தூரம் போகும்வரை இருவரும் பொறுத்திருந்தோம்.

"பொய் சொன்னது நான்தான் அக்கா," என்றாள். "அதை இல்லையெண்டு சொல்ல வரேல்லை."

நான் பதிவுகளைப் பார்த்தது பிழை என்றேன்.

"பாருங்கோ. அது உங்கட சேர்வர். ஆனா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு அனுப்பினீங்களே, அதைக் கண்டாப்பிறகு எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குள்ளே இருந்த கடிதம் எழுதும் பிள்ளை நிறுத்தவில்லை. "என்ன காரணமெண்டாலும் போட்டிருக்கலாம்தானே, கோகிலா. பட்டியல்ல இல்லாட்டி நான் இருபத்திரண்டாவதாச் சேர்த்திருப்பன்."

"ஒண்டையும் சேர்க்காதேங்கோ, அக்கா. இருக்கிறதை எடுங்கோ."

"எதை எடுக்க?"

"எல்லாத்தையும்."

6

விண்ணப்பத்தை அன்றைக்கே அழித்தேன். கடிதத்தைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கோகிலாவிடம் கேட்டேன். கடிதம் கடிதம்தான், மாதம் முடியும்வரை வேலை செய்வேன் என்றாள். புதிய லீவுத் திரையைத் தானே செய்து தருவதாகவும் சொன்னாள். போகிற ஆள் ஏன் இதைச் செய்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதை அன்றிலிருந்துதான் பழகத் தொடங்கியிருந்தேன்.

அவள் அனுப்பிய திரையில் நடுவில் ஒரு பொத்தான், வேறு ஒன்றும் இல்லை. அழுத்தினால் அன்றைய பட்டியலில் அந்த ஆளின் பெயர் வெளிறிவிடும். மின்னஞ்சல் இல்லை, படம் இல்லை. பொத்தானில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. "கரண்ட் இல்லை" என்றே எழுதுவோம், எல்லோருக்கும் பழகிய சொல் என்றான் நளீம். எனக்கும் அது பிடித்திருந்தது. கோகிலா ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்க்கு உத்தியோகம் குடுக்க வேண்டாம்," என்றாள்.

சொல் என் வீட்டில் இருந்து வந்தது. மகளுக்கு ஐந்து வயது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தக் கிழமை சப்பாத்தைப் போட மறுத்துவிட்டு, நோர்வேஜிய மொழியில் "இக்கே இ டாக்" என்றாள். இன்றைக்கு இல்லை. ஏன் என்று தமிழில் கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். பிள்ளை கையை விட்டுப் போகிறாள், மொழியும் போகிறது, பெரியவர்களுக்குக் காரணம் சொல்லும் மரியாதையும் போகிறது என்று பயந்தேன். பஸ்தரிப்பு வரை அவளை அழ அழ இழுத்துப்போன பிறகுதான் உறைத்தது. காரணம் கேட்டால் பொய் சொல்லப் பழகாத ஒரு ஆள் எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக வளர்கிறாள். அவளுடைய தமிழுக்காக நான் இன்னும் போராடுகிறேன். சனிக்கிழமைகளை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பொத்தானில் "இன்றைக்கு இல்லை" என்று எழுதினோம்.

பொத்தான் மட்டும் போதாது. ஒருவர் வராவிட்டால் வேலை நிற்குமானால், அந்தப் பொத்தானை மனச்சாட்சி உள்ள யாரும் அழுத்த மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு திரையும் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்தோம். கோகிலா தன் திரைகளை ஒவ்வொன்றாகச் சுதாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அது விடைபெறும் வேலையா, வேறு ஏதாவதா என்று பேர்கனில் இருந்து என்னால் சொல்ல முடியவில்லை.

ஒப்படைக்கும் நாள் புதன்கிழமை. காலை ஏழு மணிக்குக் கணினியைத் திறந்தேன். கோகிலாவின் பெயர் வெளிறியிருந்தது.

"என்ன நடந்தது" என்று அடித்தேன். அழித்தேன். "எல்லாம் சுகம்தானே" என்று அடித்தேன். அதுவும் கேள்விதான், அழித்தேன். எழும்பிப் போய்த் தேநீர் போட்டேன். திரும்பி வந்தபோது சுதா குழுவில் எழுதியிருந்தாள்: நான் இருக்கிறேன், தொடங்குவோம்.

நகரசபையின் தாதி ஒருவர் கையுறையோடு செயலியை அழுத்திப் பார்த்தார். ஒரு பொத்தான் இரண்டு தரம் பதிந்தது. சுதா நாற்பது நிமிடத்தில் சரிசெய்தாள். மத்தியானத்துக்கு முன் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு நான் நெடுநேரம் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், சந்தோசமாக.

வியாழக்கிழமை கோகிலாவின் பெயர் பட்டியலில் திரும்பி வந்தது. கையுறைச் சிக்கலைச் சுதா எப்படித் தீர்த்தாள் என்று கேட்டாள். பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்றாள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நளீம்கூட வாயைத் திறக்கவில்லை. அதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும்.

உயர்தரம் படிக்கும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் ஒரு நிறுவனத்தை நடத்துவீர்கள். நடத்தத்தான் வேண்டும். அப்போது உங்கள் ஆட்கள் சொல்லும் பொய்களைக் கவனமாகப் பாருங்கள். அவர்களைப் பிடிப்பதற்காக அல்ல. ஒரு பொய் எல்லோருடைய வாயிலும் ஒரே மாதிரி வந்தால், நீங்கள் கட்டிய வீட்டில் ஒரு கதவு குறைகிறது என்று அர்த்தம். அந்த ஆறு நாட்களிலும், அந்தப் புதன்கிழமையிலும் கோகிலாவுக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவரோடு நன்றாக வேலை செய்ய முடியும் என்பது தெரியும்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமையோடு அவளுடைய முன்னறிவித்தல் மாதம் முடிந்தது. நளீம் கேக் வாங்கி வந்திருந்தான். பேர்கனில் இருந்து கமராவில் பார்க்கிறேன். கேக்கின் மேல் ஒரு எழுத்தும் இல்லை. என்ன எழுதுவது என்று கடையில் கேட்டார்களாம், இவனுக்குப் பதில் தெரியவில்லையாம்.

"இது ஆருக்கு?" என்றாள் கோகிலா.

"கரண்டுக்கு," என்றான் நளீம். "ஒரு மாசமா ஒரு வீட்டிலயும் போகேல்லை."

சுதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கோகிலா சிரிக்காமல் கேக்கை ஐந்து துண்டாக வெட்டினாள். எனக்கான துண்டைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் தானே சாப்பிட்டாள். பிறகு கையைத் துடைத்து, தன் கதிரையில் இருந்து, கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, திங்கக்கிழமை எனக்கு எந்தத் திரை?"

"மருந்துத் திரை," என்றேன். "நீங்களும் சுதாவும்."

"ஓம்," என்று குறித்துக்கொண்டாள்.